வங்கி திருப்பித் தந்த பணமும் இடையில் நின்றவரின் கூலியும்

"வங்கி என்னிடம் பிழையாக எடுத்த பணத்தை வங்கியே திருப்பித் தந்தது. அப்படியிருக்க, இடையில் நின்ற கம்பனிக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?"

பிரித்தானியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் கடந்த பல வருடங்களில் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் டாக்சி ஓட்டுபவரும் இருக்கிறார், சிறு கடை வைத்திருப்பவரும் இருக்கிறார், வைத்தியசாலையில் வேலை செய்பவரும் இருக்கிறார். ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இது தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால் அங்குள்ள பிள்ளைக்கு வரும் கடன் கடிதத்தின் சுமை பல வேளைகளில் இங்குள்ள வாப்பாவின் தலையில்தான் இறங்குகிறது. ஆகவே விடயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

பிரித்தானிய வங்கிகள் 1990 முதல் 2010 வரையான காலத்தில் கடன், கிரெடிட் கார்ட், வீட்டுக் கடன் ஆகியவற்றோடு ஒரு காப்புறுதியையும் சேர்த்து விற்றன. பி.பி.ஐ. என்று அழைக்கப்பட்ட இந்தக் காப்புறுதி, கடன் பெற்றவர் நோயில் விழுந்தாலோ வேலையை இழந்தாலோ அவருடைய தவணையைக் கட்டும் என்று சொல்லப்பட்டது. அந்நாட்டின் நிதி நடத்தை அதிகாரசபையின் கணக்குப்படி சுமார் 6 கோடி 40 இலட்சம் காப்புறுதிகள் இவ்வாறு விற்கப்பட்டன.

பொருளில் பிழை இல்லை. விற்ற முறையில்தான் பிழை. "இதை எடுத்தால்தான் கடன் கிடைக்கும்" என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. சிலருக்குச் சொல்லாமலே சேர்க்கப்பட்டது. சுயதொழில் செய்பவருக்கு வேலை இழப்புக்கான கொடுப்பனவு கிடைப்பதே கடினம் என்றிருக்க, அவருக்கும் அது விற்கப்பட்டது. நம்மவர்களில் டாக்சி ஓட்டியவர்களும் கடை வைத்திருந்தவர்களும் அகப்பட்டது பெரும்பாலும் இப்படித்தான். சில கடன்களில் முழுக் காப்புறுதிக் கட்டணத்தையும் முதல் நாளே கடனோடு கூட்டி, அதற்கும் சேர்த்து வட்டி எடுத்தார்கள்.

வங்கிகள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் தோற்றன. மேன்முறையீடு செய்வதில்லை என்று அடுத்த மாதமே முடிவெடுத்தன. அதன் பிறகு பணம் திரும்பத் தொடங்கியது. 2014 இல் பிளெவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. அந்த அம்மாவின் காப்புறுதிக் கட்டணத்தில் 71.8 வீதம் தரகுப் பணமாகப் போயிருந்தது. அதை அவருக்குச் சொல்லவே இல்லை. கடைசித் திகதி 2019 ஒகஸ்ட் 29 என்று வைக்கப்பட்டது. அதை மக்களுக்கு நினைவூட்டுவதற்கு நடிகர் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நெகரின் தலையைப் போல ஒரு பொம்மை செய்து விளம்பரம் போட்டார்கள். 2011 முதல் திருப்பிக் கொடுக்கப்பட்ட மொத்தத் தொகை 3,800 கோடி பவுணைத் தாண்டியது.

இவ்வளவு பணம் ஓடும் ஆற்றங்கரையில் தூண்டில்காரர்கள் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். அவர்கள்தான் கிளெய்ம் கம்பனிகள்.

கிளெய்ம் கம்பனி என்ன செய்தது?

உங்கள் பெயரில் வங்கிக்கு ஒரு முறைப்பாடு எழுதியது. உண்மையைச் சொன்னால் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். அதே முறைப்பாட்டை நீங்களே எழுதினால் ஒரு சதமும் செலவில்லை. வங்கி எட்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நுகர்வோருக்கு அதுவும் இலவசம்.

ஆயினும் கம்பனியிடம் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணிநேரம் டாக்சி ஓட்டிவிட்டு வருபவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, பழைய கடன் இலக்கம் தேடி, வங்கியோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கூலிக்கு ஆள் பிடிப்பது குற்றமல்ல. வியாபாரிகளான நாமும் சுங்கத்தில் சாமான் எடுக்க ஆள் வைக்கிறோம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூலி எவ்வளவு, அது எப்போது கடனாகிறது?

அந்தக் கம்பனிகள் வழமையாக எடுத்தது கிடைக்கும் தொகையில் 25 அல்லது 30 வீதம். அதற்கு மேல் 20 வீத வற் வரி. ஆக 25 வீதம் என்று சொன்னது 30 வீதமாகவும், 30 வீதம் என்று சொன்னது 36 வீதமாகவும் வந்து நின்றது. பல பேர் முதலில் தடுக்கி விழுந்த கல் இந்த வற் வரி.

2018 ஜூலை 10 முதல் பி.பி.ஐ. கோரிக்கைகளுக்கு 20 வீதமும் வற் வரியும் என்று சட்டம் உச்ச எல்லை போட்டது. அதாவது 24 வீதம். அந்தத் திகதிக்கு முன் செய்து முடித்த வேலைக்கு இந்த எல்லை பொருந்தாது. எனவே பழைய பில் ஒன்று கையில் இருந்தால் ஒப்பந்தம் எழுதிய திகதியையும் வேலை நடந்த திகதியையும் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு எந்தத் தொகையில்?

ஒருவருக்கு 3,000 பவுண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே பணமல்ல. அதனுள் மூன்று பங்கு இருக்கிறது. அவர் கட்டிய காப்புறுதிக் கட்டணம் ஒன்று. அந்தக் கட்டணத்துக்காக வங்கி எடுத்த வட்டி இரண்டு. பணம் இத்தனை வருடம் அவர் கையில் இல்லாமல் போனதற்காக வருடத்துக்கு 8 வீதம் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் வட்டி மூன்று. (இந்த மூன்றாவது பங்கை நாம் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. கடைக்காரனான நான் சொல்வது கணக்கு மட்டும்.)

மூன்றாவது பங்கு 600 பவுண் என்றால் அதில் 20 வீத வருமான வரியை, அதாவது 120 பவுணை, வங்கியே கழித்துக்கொள்ளும். அவருடைய கையில் கிடைப்பது 2,880. ஆனால் கம்பனியின் பில் வருவது பெரும்பாலும் 3,000 பவுணுக்கு. 30 வீதப்படி 900 பவுண். மிஞ்சுவது 1,980. "எனக்கு வராத 120 பவுணுக்கும் நான் கூலி கொடுப்பதா?" என்று கேட்டால், ஒப்பந்தத்தில் 'வரி கழிக்க முன்' என்று எழுதியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். எழுதியில்லாவிட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

வங்கி கழித்த அந்த வரியில் ஒரு துணைக்கதையும் உண்டு. 2016 ஏப்ரல் முதல் சாதாரண வரி வீதத்தில் இருப்பவருக்கு வருடத்துக்கு 1,000 பவுண் வரை சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை. ஆகவே கழித்த வரியைப் பலர் ஆர்40 என்ற படிவம் நிரப்பி இலவசமாகத் திரும்பப் பெற்றிருக்கலாம். நாலு வருட அவகாசம் இருந்தது. அதற்கும் ஒரு கூட்டம் கம்பனிகள் கிளம்பி, வரியைப் பெறும் உரிமையையே தம் பெயருக்கு எழுதி வாங்கின. 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று அரசாங்கம் சட்டம் செய்தது. ஒரே ஆட்டுக்கு இரண்டு தடவை தோல் உரித்த கதை.

கையில் ஒன்றும் வராமல் கடன் மட்டும் வந்தவர்கள்

மேலே சொன்னதாவது பணம் கண்டவர்களின் கதை. மனதை வருத்துவது மற்றக் கதை.

என் தங்கையின் மகன் லெஸ்டரில் டாக்சி ஓட்டுகிறார். 2005 இல் எடுத்த வங்கிக் கடன் ஒன்று இடையில் நின்று, 5,100 பவுண் நிலுவையில் கிடந்தது. 2016 இல் ஒரு கிளெய்ம் கம்பனியின் தொலைபேசி அழைப்பு வந்தது. 'வெற்றி இல்லையேல் கட்டணம் இல்லை' என்றார்கள். 25 வீதமும் வற் வரியும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் வங்கியின் கடிதம் வந்தது. 3,400 பவுண் அவருக்கு உரியது, அதை அவருடைய நிலுவையில் கழித்துக்கொண்டோம், இனி 1,700 பவுண் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பின்னாலேயே கம்பனியின் பில். 1,200 பவுண்.

மனிதர் பில்லைத் தூக்கி ஒரு மூலையில் போட்டார். நினைவூட்டல் கடிதம் மூன்று வந்தது. 2018 தொடக்கத்தில், முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டால் வழக்குப் போடுவோம் என்ற கடிதம் வந்தபோதுதான் எனக்கு அழைத்தார்.

"மாமா, ஒரு சதம் என்ட கைக்கு வரல்ல. எதுக்கு நான் குடுக்கணும்?"

"கடன் 5,100 இல் இருந்து 1,700 ஆகக் குறைஞ்சது உண்மையா இல்லையா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத் துணி எடுப்பவர்களுக்கு இது விளங்கும். பழுதான கட்டைத் திருப்பி அனுப்பினால் அவர் காசு தருவதில்லை. கணக்குப் புத்தகத்தில் நம் பெயரில் வரவு வைப்பார். நாம் கட்ட வேண்டியது அந்த அளவுக்குக் குறையும். காசைக் கண்ணால் காணவில்லை என்பதற்காக அது வரவு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வங்கி செய்ததும் அதுதான். அதே வங்கிக்குக் கட்ட வேண்டிய நிலுவை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் பணத்தை அதில் கழிப்பதை ஒம்புட்ஸ்மனும் பொதுவாக நியாயம் என்றே ஏற்றுவந்தார்.

ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். சின்ன எழுத்தில் இருந்தது. பணம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட்டாலும் கடனில் கழிக்கப்பட்டாலும் கட்டணம் உண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். வெற்றி என்பதற்கு அவர்கள் கொடுத்திருந்த பொருள் 'வங்கி இணங்குவது'. நம்மவர் விளங்கிக்கொண்ட பொருள் 'பணம் கையில் வருவது'. பிணக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

பேருவளை சீனங்கோட்டையில் மாணிக்கக்கல் தரகரிடம் போய், "வாங்கியவன் தந்த பணம் என் பழைய கடனுக்குப் போய்விட்டது, ஆகவே உனக்குத் தரகு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பேரம் முடிந்த இடத்தில் தரகு கடனாகிவிட்டது. அதற்குப் பிறகு விற்றவர் அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பது தரகரின் பாடல்ல.

ஆனால் பில்லை அப்படியே ஒப்புக்கொள்ளவும் நான் சொல்லவில்லை. 3,400 பவுணுக்கு 30 வீதம் 1,020 தானே? மேலதிகமாக 180 எங்கிருந்து வந்தது? விசாரித்தால், அதே வங்கியின் கிரெடிட் கார்ட் ஒன்றுக்காக வந்த 600 பவுணுக்கும் கூலி போட்டிருந்தார்கள். அந்தக் கார்ட் பற்றி மருமகன் தானாகவே வங்கிக்கு எழுதியிருந்தார். வங்கி அவருக்கு அனுப்பிய பற்றுக் கடிதத்தின் திகதி ஒப்பந்தத் திகதிக்கு முந்தியது. அந்தக் கடிதத்தின் பிரதியோடு பதில் எழுதினார். கம்பனி 180 பவுணைத் தள்ளியது. மீதி 1,020 பவுணை மாதம் 85 வீதம் பன்னிரண்டு தவணையில் கட்ட இணங்கியது. வழக்கு வரவில்லை.

மூலையில் போட்ட பில்லுக்குள் 180 பவுண் பிழை இருந்தது. அது பேசாமல் இருந்த மாதங்களில் வெளிவரவில்லை. கடிதம் எழுதிய வாரத்தில் வெளிவந்தது.

எப்போது கொடுக்கத் தேவையில்லை?

கம்பனி கேட்டது எல்லாம் கடனாகாது. முதலாவது, கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசியில் பெயரும் முகவரியும் கொடுத்ததோடு நின்றிருந்தால் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். எந்த வங்கி, எந்தக் கணக்கு என்பதையும் பாருங்கள். ஒரு வங்கிக்கு எழுதிய ஒப்பந்தத்தை வைத்து இன்னொரு வங்கியின் பணத்துக்குப் பங்கு கேட்டவர்கள் உண்டு. வங்கியே பழைய கணக்குகளைப் பரிசீலித்துத் தானாகக் கடிதம் எழுதிய சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படி வந்த பணத்தில் கம்பனியின் கை என்ன செய்தது என்று காட்டும்படி கேட்கலாம்.

ஒப்பந்தம் எழுதி 14 நாளுக்குள் இரத்துச் செய்தால் கட்டணம் இல்லை. அதன் பின் இரத்துச் செய்தால் அதுவரை செய்த வேலைக்கு நியாயமான தொகை கேட்கலாம். வங்கி இணங்கிய பிறகு இரத்துச் செய்கிறேன் என்றால் எடுபடாது. இரண்டு கம்பனியில் கையெழுத்து வைத்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். இருவருமே பில் அனுப்புவார்கள். எந்தக் கம்பனியின் கடிதத்துக்கு வங்கி பதில் தந்தது என்பதை வங்கியிடமே எழுத்தில் பெற வேண்டும்.

கம்பனிக்கு அனுமதி இருக்கிறதா என்பது இன்னொரு சோதனை. 2007 முதல் நீதி அமைச்சின் மேற்பார்வையில் இருந்த இந்தத் தொழில் 2019 ஏப்ரல் 1 அன்று நிதி நடத்தை அதிகாரசபையின் கைக்கு மாறியது. அதிகாரசபையின் பதிவேட்டைக் கணினியில் யாரும் பார்க்கலாம். அனுமதி இல்லாதவர் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துப் பணம் கேட்பது பொதுவாகச் சட்டத்தில் நிற்காது. அந்த மாற்றத்துக்குப் பிறகு, கையெழுத்துக்கு முன்பே கட்டணம் எவ்வளவு வரும் என்பதை உதாரணத் தொகையோடு காட்டி, இதை நீங்களே இலவசமாகச் செய்யலாம் என்பதையும் கம்பனி எழுத்தில் தர வேண்டும். தந்தார்களா என்று பாருங்கள்.

இவற்றில் ஏதாவது பிழைத்திருந்தால் முதலில் கம்பனிக்கே முறைப்பாடு. எட்டு வாரம் பொறுத்து, சரிவராவிட்டால் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் கிளெய்ம் கம்பனிகளுக்கென்றே உள்ள பிரிவுக்குப் போகலாம். கம்பனியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வழமையாக மக்கள் தவறவிடுவது இந்த ஆறு மாதத்தைத்தான்.

நீதிமன்றப் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டால் கணக்கு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். படிவம் கிடைத்ததை ஒப்புக்கொண்டு அனுப்பினால் 28 நாள் வரை நீளும். பேசாமல் இருந்தால் உங்களைக் கேளாமலே தீர்ப்பு விழும். அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் உங்கள் கடன் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடனோ, வாடகை வீடோ, ஒரு தொலைபேசி இணைப்போ எடுக்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் மட்டும் பதிவு நீங்கும். கட்ட வழியில்லாதவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற இலவச ஆலோசனை அமைப்புகளிடம் போகலாம். அவர்கள் வருமானம், செலவு பார்த்துத் தவணைத் தொகையைக் கணக்கிட்டுத் தருவார்கள். பழைய பில்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருட எல்லை உண்டு, ஸ்கொட்லாந்தில் ஐந்து. பத்து வருடத்துக்கு முந்திய பில்லைத் தூசு தட்டிக்கொண்டு யாராவது வந்தால், பணம் கட்டவோ கடனை ஒப்புக்கொண்டு எழுதவோ முன் ஆலோசனை பெறுங்கள். எல்லை முடிவதற்கு முன் எழுதிய ஒரு வரி ஒப்புதல்கூட அந்த ஆறு வருடத்தைப் புதிதாக எண்ண வைக்கலாம்.

பி.பி.ஐ. முடிந்தது, கம்பனிகள் முடியவில்லை

பி.பி.ஐ. கதவு 2019 இல் மூடியபோது பல கம்பனிகள் கடையை மூடின. மற்றவை புதுச் சரக்கு தேடின. அது கார்க் கடன். காரைத் தவணைக்கு விற்ற முகவருக்குக் கடன் கம்பனி இரகசியமாகக் கொடுத்த தரகுதான் இங்கும் பிரச்சினை. 2025 ஒகஸ்ட் 1 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் பெரும்பாலான விடயத்தில் கடன் கம்பனிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் தரகு மிக அதிகமாக இருந்த ஒரு வழக்கில், உறவு நியாயமற்றது என்று வாடிக்கையாளருக்குச் சார்பாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2025 ஒக்டோபரில் நிதி நடத்தை அதிகாரசபை ஒரு நட்டஈட்டுத் திட்டத்தை முன்மொழிந்தது. 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையான கடன்களுக்கான அந்த முன்மொழிவில் சராசரித் தொகை ஒரு கடனுக்குச் சுமார் 700 பவுண் என்று மதிப்பிட்டது. இதற்குக் கம்பனி எதுவும் தேவையில்லை, சேர்ந்தால் கிடைப்பதில் 30 வீதமளவு போகலாம் என்றும் எச்சரித்தது.

பி.பி.ஐ. அல்லாத நிதிக் கோரிக்கைகளுக்கு 2022 மார்ச் 1 முதல் தனி உச்ச எல்லை வந்துள்ளது. 1,500 பவுணுக்குக் குறைந்த தொகைக்கு 30 வீதம், ஆனால் 420 பவுணைத் தாண்டக் கூடாது. 1,500 முதல் 10,000 வரை 28 வீதம், 2,500 பவுண் எல்லை. தொகை கூடக்கூட வீதம் குறைந்து, 50,000 க்கு மேல் 15 வீதத்தில் நிற்கிறது. 700 பவுணுக்கு 210 பவுண் கூலி. ஒரு படிவம் நிரப்பி அனுப்புவதற்கு.

சென்ற மாதம் மருமகன் மீண்டும் அழைத்தார். 2017 இல் எடுத்த டாக்சிக்குக் கார்க் கடன் கோரிக்கை போடலாம் என்று ஒரு கம்பனி குறுஞ்செய்தி அனுப்பியிருந்ததாம். கடன் கம்பனியின் முகவரியைத் தேடி எடுத்து, வாகன இலக்கத்தையும் ஒப்பந்த இலக்கத்தையும் எழுதித் தானே அனுப்பிவிட்டாராம். பதில் இன்னும் வரவில்லை.